பாதி லோடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அவர்கள் யாரும் ஒரே புரோகிராமை, ஒரே கம்ப்யூட்டரில், ஒரே தகவலைக் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் அது வேறொரு நேரம் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தனியாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் எழுதியது திரையில் பளிச்சென்று தெரிகிற விஷயம் இல்லை. அதற்கு அடியில் கிடப்பது. உள்ளே வந்த தகவலை டிஸ்கில் எந்த இடத்தில் வைப்பது, கேட்டதும் எப்படித் தேடி எடுப்பது, பாதியில் கரண்ட் போனால் எப்படிக் காப்பாற்றுவது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பகுதி. இப்போது அதற்கு ஸ்டோரேஜ் எஞ்சின் என்று பெரிய பெயர் இருக்கிறது. அன்றைக்கு நான் எஞ்சின் என்று சொன்னால், டீசலா பெட்ரோலா என்று கேட்டிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அதை எழுதினேன். அந்த இரண்டு வருடமும் வீட்டை ஓட்டியது பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த என் மனைவி.

அவளுடைய அண்ணன் மெட்ராஸில் எனக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ராஜபாளையத்தில் இத்தனை மில் இருக்கும்போது, ஒரு மில் என்னுடையதை எடுத்துக்கொண்டால் அடுத்தது தானாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் என்னைக் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த மில்லுல சரின்னு சொல்லிட்டா இங்கயே இருப்போம். இல்லன்னா மெட்ராஸுக்குப் போயிருவோம்ங்க. நடுவுல கெடந்து ஊசலாட என்னால முடியாது."

நானும் சரி என்றேன். என் எஞ்சின் அந்த மில்லில் ஏறுமா ஏறாதா என்பதில்தான் நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்பதே இருந்தது.

மில் முதலாளிக்குப் பஞ்சு பேல்களின், அதாவது கட்டிய பஞ்சுப் பொதிகளின், இருப்பைக் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். எந்த லாட், என்ன எடை, எந்தக் குடோன் என்று கேட்ட மாத்திரத்தில் வர வேண்டும். மெட்ராஸ் கம்பெனி ஒன்று தயாராக ஒரு பேக்கேஜ் வைத்திருந்தது. நான் போய்ப் பேசியபோது முதலாளி இரண்டு பேரையுமே மறுக்கவில்லை. மெஷின் வாங்கும்போது எப்படியோ அப்படித்தான் இதற்கும் என்றார். அவருடைய கம்ப்யூட்டரில், அவருடைய பேல் விவரங்களை வைத்து, அவர் கண் முன்னால் இரண்டும் ஓட வேண்டும். எது நல்லதோ அதை எடுத்துக்கொள்வார். ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுவாரம் டிரையல். அதுவரை நான் எப்போது வேண்டுமானாலும் வந்து ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கெடுத்தது. ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் நேராக டிரையலுக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பேன்.

மில்லின் கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி உண்டு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். மேஜைக்கு அடியில் மில் தச்சர் செய்து கொடுத்த மரக்கூண்டுக்குள் கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்திருக்கும். பஞ்சுத்தூசி போகாமலிருக்கக் கூண்டுக்கு முன்னால் ஒரு துணித்திரை. அங்கே ஆபரேட்டராக இருந்தவள் ராஜபாளையத்துப் பெண். படித்து முடித்து வந்து சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ரொம்பச் சுத்தக்காரி. எந்த டிபார்ட்மென்ட் மெஷினையும் அந்த டிபார்ட்மென்ட் ஆள்தான் தொட வேண்டும் என்பது மில்லின் சட்டம். அதனால் நான் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அவள் போட்டு ஓடவிடுவாள். நடுநடுவே குனிந்து அந்தத் துணித்திரையைச் சரி செய்வாள். தூசிக்கு இவ்வளவு பயப்படுகிற பெண்ணும் உண்டா என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் நாள் என் சோதனை இருபது நிமிஷத்துக்குள் முடிந்தது. ஒரு வருடத்து பேல்களை எல்லாம் உள்ளே ஏற்றி, திரும்பத் தேடி எடுத்துச் சரிபார்க்கிற சோதனை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் கடையில் வடையும் காப்பியும் சாப்பிட்டு, அந்தச் சந்தோஷத்தோடே மறுபடியும் மில்லுக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னேன். நாற்பது நிமிஷம் ஆனது.

ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அதே ஃப்ளாப்பி, அதே தகவல், அதே கம்ப்யூட்டர். மறுநாள் காலையில் பழையபடி இருபது நிமிஷம். மதியம் முப்பது. அதற்கடுத்த நாள் காலையிலேயே நாற்பது. ஆட்டத்துக்கு ஒரு விதி இருந்தால் ஆடலாம். இதில் என்ன விதி என்றே தெரியவில்லை.

டிஸ்கில் தகவல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதால் இருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் படுத்துவிட்டது. வைரஸாக இருக்குமோ என்று கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடமிருந்து ஒரு ஃப்ளாப்பி வாங்கி வந்து சோதித்தேன். வைரஸ் அந்தப் பையனுடைய ஃப்ளாப்பியில்தான் இருந்தது. அதை ஒழிக்க ஒரு நாள் போனது.

பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வேகம் குறைகிற நேரத்தில் எல்லாம் எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. ஏசி நின்றிருந்தது. ஏசி ஓடினால் வேகம், நின்றால் சோம்பல். பிடித்துவிட்டேன் என்று துள்ளாத குறை. டிஸ்க் சூடாகித்தான் திணறுகிறது என்று முடிவு கட்டி, வீட்டு டேபிள் ஃபேனைக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ரிப்பேருக்கா என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குக் காற்று வீச என்று சொல்ல முடியுமா? ஆமாம் என்றேன். கூண்டின் பின்பக்கம் ஃபேனை வைத்து ஓடவிட்டோம். ஏசி நின்றது. வேகமும் நின்றது. ஃபேன் மட்டும் நன்றாக ஓடியது.

அடுத்தது பஞ்சுத்தூசி. ஆபரேட்டர் பெண்ணிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, கரண்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். தூசி இருந்தது உண்மை. அதை எடுத்த பிறகும் எதுவும் மாறவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது, என்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூடக் கடித்துத் துப்பியிருப்பேன். வீட்டில் மனைவி என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று கத்தினேன். வீட்டில் ஃபேன் இல்லாமல் அவள் கோயில் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் குற்றம் இல்லை என்றால் என் எழுத்தில்தான் குற்றம் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் தேர் நெருங்கிவிட்டது. கீழே வீதியில் வளையல் கடையும் பலூன் கடையும் போட ஆரம்பித்திருந்தார்கள். மேலே நான் என் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதில் எனக்கு ரொம்பப் பெருமையான ஒரு பகுதி உண்டு. ஒரு பேலின் விவரம் உள்ளே வந்தால், என் எஞ்சின் அதை அந்த நொடியே டிஸ்கில் எழுதும். எழுதியது சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பேலைத் தொடும். எந்த நேரத்தில் கரண்ட் போனாலும், கையிலிருக்கிற ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் பத்திரமாக இருக்கும். கரண்ட் இஷ்டத்துக்கு வந்து போகிற ஊரில் பிறந்தவன் எழுதியது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தப் பத்திரத்துக்கு நேரம் செலவாகும். நாற்பது நிமிஷக் கிழட்டு ஓட்டத்தைக் குறைக்க அதை எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. எடுத்தேன். தகவலையெல்லாம் மெமரியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, கணிசமாகச் சேர்ந்த பிறகு மொத்தமாக ஒரே தடவையில் எழுதும்படி மாற்றினேன். இரண்டு வருடம் யோசித்துக் கட்டியதை ஒரே ராத்திரியில் இடித்தேன். அழுகை வந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, அழவும் செய்தேன்.

பலன் கிடைத்தது. சோம்பல் நாளிலும் இப்போது இருபது நிமிஷத்தில் முடிந்தது. நல்ல நாளில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் இப்படி மாறுகிறது என்ற கேள்வி அப்படியே இருந்தது. ஆனால் எந்த நாளாக இருந்தாலும் ஜெயித்துவிடலாம் என்று தைரியம் வந்தது.

டிரையல் அன்று மெட்ராஸிலிருந்து வந்த இளைஞர் டை கட்டியிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். கைகொடுத்து மரியாதையாகத்தான் பேசினார். அவருடைய பேக்கேஜ் முதலில் ஓடியது. முப்பது நிமிஷத்துக்குக் கிட்டத்தில் வந்தது. என்னுடையது பத்து நிமிஷத்துக்குள் முடிந்தது. டைக்காரர் முகம் சுண்டிவிட்டது. ஏசி ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளூரத் தேர் நிலைக்கு வந்துவிட்ட நிம்மதி.

முதலாளி எழுந்திருக்கவில்லை. நல்ல வேகம் என்று தலையாட்டினார். பிறகு வாசலில் நின்ற எலெக்ட்ரீஷியனை உள்ளே வரச் சொன்னார். இரண்டு பேரும் மறுபடியும் ஒரு தடவை ஓட்டுங்கள், பாதி ஓட்டத்தில் கரண்டைப் பிடுங்கச் சொல்லப்போகிறேன் என்றார்.

அந்த மில்லில் அது வழக்கமாம். எனக்குத்தான் தெரியவில்லை. புது ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கிற நீள மெஷின் எது வந்தாலும், அது முழு வேகத்தில் ஓடும்போது மெயினை அணைத்துவிடுவார்கள். திரும்பப் போட்டதும் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று முதலாளியே நடந்து போய்ப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விலையே பேசுவார்.

டைக்காரருடைய பேக்கேஜ் செத்துப் பிழைத்து வந்தது. கடைசியாக ஏறிக்கொண்டிருந்த ஒரு பேலைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. பிறகு என் முறை. எலெக்ட்ரீஷியன் கம்ப்யூட்டரின் வயரில் கை வைத்தார். என்ன நடக்கப்போகிறது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பக் கரண்ட் கொடுத்ததும் மெமரியில் சேர்த்து வைத்திருந்த பேல்கள் ஒன்றுகூட இல்லை. பாதி எழுதியும் எழுதாமலும் நின்றதில், மிச்சத்தைத் தேடி எடுக்கும் இண்டெக்ஸும் குழம்பிப்போய், ஃபைலே திறக்கவில்லை. நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதலாளி என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"ஓடுறது பெருசில்ல தம்பி. நின்னா எந்திரிக்கணும்."

அவரும் டைக்காரரும் ஆபீஸுக்குப் பேசப் போய்விட்டார்கள். நான் என் சாமான்களைச் சேகரித்தேன். ஃபேனின் பிளக்கைக் கழற்ற மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன். அப்போது வராந்தாவில் மணி இரண்டு தடவை அடித்தது. அந்த மணியை அத்தனை வாரமும் கேட்டிருக்கிறேன். ஷிஃப்டுக்கோ டீக்கோ என்று நினைத்திருந்தேன். ஆபரேட்டர் பெண் எழுந்து ஏசியை அணைத்தாள். பிறகு குனிந்து துணித்திரையை விலக்கி, பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு பட்டனை அமுக்கிவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். தரையில் கிடந்த எனக்கு அது முகத்துக்கு நேரே நடந்தது. பெட்டியில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த முப்பத்து மூன்று என்ற எண் பதினாறாக மாறியது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் அப்படி ஒரு பட்டன் உண்டு. சில பழைய புரோகிராம்களுக்குப் புதுக் கம்ப்யூட்டரின் வேகம் ஒத்துவராது. அவற்றுக்காக வேகத்தைக் குறைக்க வைத்திருந்தார்கள். குறைத்தால் அந்த எண் இறங்கும். நான் பெட்டியைத் திறந்தது கரண்டைப் பிடுங்கிய பிறகுதான் என்பதால், எண் எரிந்து நான் பார்த்ததே இல்லை.

எதற்கம்மா அதை அமுக்கினாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ரெண்டு மணி அடிச்சா ஜெனரேட்டர் வந்துட்டுன்னு அர்த்தம்லா சார். மாறுத நேரம் பேட்டரி தாங்கிக்கிடும். ஜெனரேட்டர்ல ஓடுதப்போ எல்லா டிபார்ட்மென்ட்டும் லோடைப் பாதியாக்கணும்னு நோட்டீஸ் போட்டிருக்காவ. ஸ்பின்னிங்ல பாதி ஃபிரேமை நிப்பாட்டிருவாவ. எனக்கு இருக்கது ஒத்த மெஷின். பாதி மெஷினை எப்படி நிப்பாட்ட? பொறவுதான் இந்தப் பட்டனைக் கண்டுபிடிச்சேன். முப்பத்தி மூணு பதினாறா எறங்குது. சரியாப் பாதி."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எலெக்ட்ரிகல் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, சொன்னதைச் செய்கிற ஒரே டிபார்ட்மென்ட் இதுதான் என்று பாராட்டினார்களாம். அந்தப் பட்டனை அமுக்கினால் கரண்ட் ஒன்றும் மிச்சமாகாது. இதை அவளிடம் சொன்னேன். அப்படியானால் இனிமேல் அமுக்க வேண்டாமா என்று கேட்டாள். எலெக்ட்ரிகலில் கேட்டுக்கொள் என்றேன். அதற்கு மேல் பேசினால் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள்மேல் எந்த நியாயத்தில் கத்துவது? மில் சொன்னதை மில்லிலேயே ஒழுங்காகச் செய்தவள் அவள் ஒருத்திதான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

டிரையல் ஓடி முடிகிறவரை மணி அடிக்கவே இல்லை. அது முழுக்க லைன் கரண்ட். என் பழைய எஞ்சின், எதையும் இடிக்காமல் இருந்தபடியே, இருபது நிமிஷத்தில் ஓடி முடித்திருக்கும். கரண்டைப் பிடுங்கினாலும் எழுந்து வந்திருக்கும். இரண்டிலும் நான் ஜெயித்திருப்பேன். பஸ்ஸில் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு இதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்போது ஃபேனின் கூண்டுக் கம்பி இரண்டு வளைந்திருந்தது. பிடித்த பிடி அப்படி.

பழைய ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி முதலாளியைப் பார்க்கப் போனேன். பட்டன், ஜெனரேட்டர், நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்ட விடுங்கள் என்று கேட்டேன். அவர் கடைசிவரை கேட்டார். நோட்டீஸ் எலெக்ட்ரிகல்காரர்கள் பாடு, ஒரு மெஷினுக்கு ஒரு டிரையல்தான் என்றார். நான் எழுந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"எந்திரிக்கிறது உங்ககிட்ட முதல்லயே இருந்திருக்கு. வேகம் பத்தலைன்னு அதை நீங்களே கழட்டிட்டீங்க. நாளைக்கு இன்னொன்னு பத்தலைன்னா எதைக் கழட்டுவீங்களோ?"

ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கேள்வியும் இன்று வரை ஒரு எரிச்சல்.

சொன்னபடி மெட்ராஸுக்குப் போக ஏற்பாடு செய்தோம். மனைவி பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். டைக்காரர். டை இல்லை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மில்லில் விலாசம் கேட்டு பஸ் பிடித்து வந்திருந்தார்.

உட்கார்ந்ததும் புலம்ப ஆரம்பித்தார். பேக்கேஜ் சில நேரம் நன்றாக ஓடுகிறது, சில நேரம் படுத்துவிடுகிறது. டிஸ்கை அழித்து ஏற்றிப் பார்த்துவிட்டார். பெட்டியைத் திறந்து தூசியைத் துடைத்துவிட்டார். நீங்கள் அந்த மெஷினில் நிறைய நாள் வேலை பார்த்தவர், உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். இப்படியே போனால், உடனுக்குடன் டிஸ்கில் எழுதுவதை நிறுத்திவிட்டு மொத்தமாக எழுதும்படி மாற்றச் சொல்லி மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்திருக்கிறதாம்.

சமையல்கட்டில் என் மனைவி பாத்திரத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தது நின்றது. நான் அவரையே பார்த்தேன். மாற்றட்டும். மாற்றிவிட்டு ஒரு நாள் கரண்ட் போகட்டும். முதலாளி நடந்து வந்து அறுந்த இழையை எண்ணட்டும். அப்படித்தான் நினைத்தேன், நன்றாக ருசித்து நினைத்தேன்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா? ஏசி நின்னாத்தான் ஸ்லோ ஆகுது," என்றார் அவர். "சூடாகுதுன்னு நினைக்கிறேன். நாளைக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கலாம்னு இருக்கேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணி இரண்டு தடவை அடித்ததும் அந்தத் துணித்திரையை விலக்கிப் பாருங்கள், அங்கே ஒரு பட்டன் இருக்கிறது, பெட்டியில் எரிகிற எண்ணைப் பாருங்கள் என்றேன். மூன்று வாக்கியம்கூட இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து பல்லைக் கடித்தார். அந்தக் கோபம் எனக்கு நன்றாகத் தெரிந்த கோபம்.

பிறகு, இது உங்களுக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்க வாயெடுத்தார். அவர் பார்வை எனக்குப் பின்னால், கட்டி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே போனது. அங்கே சாக்கில் பாதி சுற்றியபடி, இரண்டு கம்பி வளைந்த டேபிள் ஃபேன் நின்றுகொண்டிருந்தது. அவர் கேள்வியை விட்டுவிட்டு எழுந்து போய், வளைந்த கம்பி ஒன்றை விரலால் நிமிர்த்தப் பார்த்தார்.